வெற்றிடமும் அவிழா முடிச்சுக்களும்

வெற்றிடம் என்பது ஒன்றுமில்லாத இடம் என்பதே உலக வழக்கு. பௌதிகவியலார் கூறும் வெற்றிடமோ வேறு. ஒரு தொகுதி எய்தக்கூடிய மிகக் குறைந்த சத்தி நிலையையே அவர் அப்பெயரால் வழங்குவர். அத்தகைய நிலைகள் பலவாயின், ஆராய்ச்சி சுவைபெறத் தொடங்குகின்றது.

அடிப்பகுதி நடுவில் மேடாக உயர்ந்த போத்தலொன்றினுள் ஒரு போளையை இடுக. அது மேட்டில் நில்லாது, சுற்றியுள்ள வட்டப் பள்ளத்தில் யாதாயினும் ஓரிடத்தில் தங்கும், எவ்விடமும் சமமே. வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் இவ்வாறு ஒரு திசை அமைகின்றதெனக் கொண்டு, அதனை அம்புக்குறியாற் காட்டுக. பெரிய வட்டமொன்றின் வழியே சென்று மீளும்போது அம்பு ஒருமுறை முழுதாகச் சுழன்றிருப்பின், வட்டத்தினுள் எங்கேனும் அது திசையிழத்தல் வேண்டும். அங்கே போளை மேட்டின்மீது நிற்கும், சத்தி திரண்டிருக்கும். மீண்டதும் அம்பு பழைய திசையையே அடைதல் வேண்டுமாதலின், சுழற்சி முழுவெண்ணாகவே அமையும். ஆகவே சிறிது சிறிதாக மாற்றி இம்முடிச்சை அவிழ்த்தல் இயலாது. இதுவே இடத்தியற் பொருள்.

அம்புகளின் சுழற்சி தூரத்தோடு சத்தியைப் பெருக்கும். மின்காந்தவியலை முன்மாதிரியாகக் கொண்ட கேஜ் கோட்பாடுகளில், காந்தப்புலம் உடனிணைந்து அப்பெருக்கத்தைத் தடுக்கின்றது.

இது வெறுங் கற்பனையன்று. மின்னைத் தடையின்றிக் கடத்தும் மீகடத்திகள் சிலவற்றுட் காந்தப்புலம் மெல்லிய சுழல்களாகப் புகும் என 1957 இல் அப்பிரிக்கோசொவ் விளக்கினார். 1961 இல், மீகடத்தி வளையங்களுட் காந்தப்பாயம் அலகு அலகாகவே அமைவது அளந்தறியப்பட்டது. 1973 இல் நீல்சனும் ஒலிசனும் அத்தகைய சுழலைத் துணிக்கைக் கோட்பாட்டிற் கண்டனர். 1974 இல் ஹூஃப்ட், பொலியாக்கோவ் ஆகியோர் தனித்தனியே ஒருமுனைக் காந்தத்தையும் அம்முறையாற் பெற்றனர். இயற்கையில் அஃது இன்னும் உறுதியாக அகப்படவில்லை.

எளிய மாதிரிகளாற் பயன் யாதென மாணவர் வினவலாம். குவாக்குகள் தனித்து வெளிவாராமை ஏன் என்பது பெருவினா. 1977 இல் பொலியாக்கோவ், பரிமாணமொன்று குறைந்த மாதிரியில், ஒருமுனைக் காந்தங்களையொத்த முடிச்சுக்கள் ஏற்றங்களைப் பிரியவிடாது பிணிப்பதைக் கணித்துக் காட்டினார். முழுக் கோட்பாட்டிற்கு அத்தகைய நிறுவல் இன்னுங் கிட்டவில்லை. எளிய மாதிரியில் மெய்யானது முழுமையிலும் மெய்யெனத் துணிதல் தவறு. எளியதென்று அதனை இகழ்தலும் தவறே.

மாணவர் ஒரு தாளில் வட்டம் வரைந்து அம்புகளை இட்டுப் பார்ப்பாராக. நடுவிலே எத்திசையை இடுவதெனக் கை தயங்கும். அத்தயக்கத்திலிருந்தே இப்பாடம் தொடங்குகின்றது.