கைப்பேசி ஊமையானால்...

தோட்டத்திலிருந்து பாட்டி அழைக்கின்றார். நீங்கள் பேசுகின்றீர்கள், அவருக்கோ ஒன்றும் கேட்கவில்லை. பேரப்பிள்ளை பேச மறுக்கின்றான் என்றெண்ணி வருந்துகின்றார். புதுக் கைப்பேசிக்காக அப்பாவின் சம்பள நாளை எதிர்பார்க்க வேண்டா. குற்றம் எங்கேயென்று முதலில் காண்போம்.

உங்கள் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். ஒலி மங்கினால், அடிப்பக்கத்திலுள்ள சிறு துளையை நோக்குங்கள். ஒலிவாங்கி அங்கேதான் இருக்கின்றது. தூசியோ உறையோ அதனை அடைத்திருக்கலாம். உலர்ந்த, மென்மையான தூரிகையால் துடையுங்கள்.

ஹெட்போன் ஒலிக்கவில்லையெனில், அதனை வேறொரு கைப்பேசியில் செருகிப் பாருங்கள். அங்கே நன்கு ஒலித்தால், குற்றம் பெரும்பாலும் உங்கள் கைப்பேசியின் துளையிலேதான். சட்டைப்பைப் பஞ்சு அதன் அடியில் இறுகி, 3.5 மில்லிமீட்டர் முளையை முழுதும் நுழைய விடாது. ஒரு செவியில் மட்டும் ஒலி வருவதற்கும் இது காரணமாகலாம். கைப்பேசியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் பஞ்சை மெல்ல எடுங்கள். குண்டூசி கூடவே கூடாது. உள்ளிருக்கும் உலோகத் தகடு வளைந்துவிடும்.

முளையிலுள்ள வளையங்களையும் எண்ணுங்கள். மூன்று வளையங்கள் அதனை நான்காகப் பிரிக்கும்: இடச்செவி, வலச்செவி, ஒலிவாங்கி, பொதுக்கம்பி. இரண்டே வளையமெனில் அந்த ஹெட்போனில் ஒலிவாங்கி இல்லை. கைப்பேசியை வாயருகில் பிடித்தே பேசுதல் வேண்டும்.

கம்பியில்லா ஹெட்போனில் ஒரு வேடிக்கை உண்டு. அணைக்காமல் அதனை அலமாரியில் வைத்துவிட்டால், கைப்பேசி அதனுடன் இணைந்தே இருக்கக்கூடும். அப்பொழுது பாட்டியின் குரல் அலமாரிக்குள் ஒலிக்கும். உங்கள் குரலுக்காக அலமாரியே காத்திருக்கும்! புளூடூத்தை அணைத்துவிட்டு, பாட்டியை மீண்டும் அழையுங்கள்.