ஆங்கில மரபுத்தொடர்களும் எமது வீட்டுத் தமிழும்



சொற்கள் தத்தம் நேர்ப்பொருளை விடுத்து, ஒன்றாக நின்று வேறொரு பொருளைத் தருமாயின் அத்தொடரை மரபுத்தொடர் என்கிறோம். அகராதியிற் சொல் சொல்லாகத் தேடிக் கூட்டினால் அதன் பொருள் பிடிபடாது. இந்நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் விளையாட்டு முற்றத்திலேயே வந்துவிடுகின்றன. வளர்ந்தபின் வந்து சேர்ந்த எமக்கு அவை எளிதில் வருவதில்லை. தமிழ்த் தொடர்களின் நிலை இதற்கு நேர்மாறானது.

எமது மாணவர் ஒருவரின் தேர்ச்சி அறிக்கையில், அவர் தமது காலுறைகளை மேலே இழுத்துவிட வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. 'புல் யுவர் சொக்ஸ் அப்' என்பது ஆங்கிலத் தொடர். தந்தையார் மறுநாளே இரண்டு சோடி புதிய காலுறைகளை வாங்கிக் கொடுத்தார். சோம்பலை விட்டு முயன்று படிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். மகனுக்கு அது நன்றாகத் தெரியும், அவர் சொல்லவில்லை!

'அண்டர் த வெதர்' என்றால் உடல்நலம் சற்றுக் குறைவு என்று பொருள். சளிக்கும் தலையிடிக்கும் அது பொருந்தும். நெஞ்சுநோவுடன் வைத்தியரிடம் செல்பவர் அதைச் சொல்லலாகாது; நோவு என்றே சொல்ல வேண்டும்.

சில தொடர்களின் பிறப்பை அறிந்தால் அவை மறவா. திரபல்கர் சதுக்கத்துத் தூணின் உச்சியில் நிற்கும் நெல்சன் பிரபுவை மாணவர்கள் கண்டிருப்பீர்கள். அவர் 1794 இல் கோர்சிக்காத் தீவில் நடந்த போரில் வலக்கண் பார்வையை இழந்தவர். 1801 இல் கோப்பன்கேகன் கடற்போரின்போது, போரை நிறுத்துமாறு மேலதிகாரி கொடி காட்டினார். நெல்சன் தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்துக்கொண்டு, கொடி தெரியவில்லை என்றாராம். 'ரேண் எ பிளைண்ட் ஐ' என்னும் தொடரை இக்கதையோடு சேர்த்துச் சொல்வர். நாம் 'கண்டும் காணாமல் விடுதல்' என்போம்.

'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோதல்' என்பது மற்றொன்று. முற்காலத்தில் இலண்டன் அடுப்புகளுக்கு நிலக்கரி கப்பலேறி வந்தது அப்பகுதியிலிருந்தே. எமது முன்னோர் இதனைக் 'கொல்லன் தெருவில் ஊசி விற்றல்' என்றனர். (பருத்தித்துறைக்குத் தட்டைவடை கொண்டுபோதல் என்றும் சொல்லலாம், அதை எந்த நூலிலும் தேட வேண்டாம்.)

தென்னம்மட்டையில் துடுப்புச் செய்து விளையாடிய பெற்றோருக்குக் கிரிக்கெற் தொடர்கள் எளியவை. மழையில் நனைந்து வெயிலிற் காயும் ஆடுகளத்தில் பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது. ஆகவே 'ஸ்ரிக்கி விக்கெற்' என்பது இக்கட்டான நிலை. 'நொட் கிரிக்கெற்' என்றால் அது நேர்மையன்று என்பதாம்.

இனித் தமிழின் பக்கம் வருவோம். புகலிடம் கோரிய எம்மவர் ஒருவர், "கடையை எரித்து வயிற்றிலடித்துவிட்டார்கள்" என்றார். பிழைப்பைக் கெடுத்தார்கள் என்பது பொருள். மொழிபெயர்ப்பாளரோ வயிற்றில் அடிவிழுந்ததாகவே சொன்னார், அவ்வாறே எழுதப்பட்டது. பின்னொரு நாள், காயத்துக்கு வைத்தியச் சான்று எங்கே என்று கேட்டார்கள். பெற்றோருக்காக அலுவலகங்களில் மொழிபெயர்க்கும் பிள்ளைகள் இதனைக் கவனிக்க.

இன்னொரு வீட்டிலே, பெற்றோர் வேலைக்குச் சென்றிருந்த வேளை ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. "பெரியப்பா கண்ணை மூடிவிட்டார்" என்றார்கள். எமது மாணவி அதைக் கேட்டு, 'பெரியப்பா நித்திரை' என்று தாளில் எழுதி வைத்தார். இரவு வேலை முடிந்து வந்த தந்தையார் அதைப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் மாலை அவர் ஊருக்குப் பேசியபோது ஈமக்கிரியைகள் நிறைவுற்றிருந்தன.

அப்பிள்ளையைக் குறைசொல்ல முடியாது. பவணந்தி முனிவர் நன்னூலிலே கூறும் தகுதி வழக்கு மூன்றனுள் மங்கலம் ஒன்று. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பது அதற்குக் காட்டப்படும் உதாரணம். துஞ்சுதல் என்றாலும் உறங்குதலே. ஆங்கிலேயரும் மரணத்தைக் 'கடந்து சென்றார்' என மறைத்தே கூறுவர். ஆயின் 'கிக் த பக்கெற்' என்பதும் அவர்களிடம் உண்டு. அது எமது 'மண்டையைப் போட்டான்' போன்றது. அனுதாபக் கடிதத்தில் எழுதத் தகாதது. எனவே ஒரு தொடரைக் கற்கும்போது, அதை யாரிடம், எப்பொழுது சொல்லலாம் என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும்.

பயிற்சி: 'பைற் த புல்லற்', 'த போல் இஸ் இன் யுவர் கோர்ற்' ஆகியவற்றைப் பிள்ளைகள் பெற்றோருக்கு விளக்குக. கம்பி நீட்டுதல், கை நனைத்தல், காதிற் பூச்சுற்றுதல் ஆகியவற்றைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு விளக்குக. விடைகளை எழுதி, விடுமுறை கழிந்த முதல் வகுப்பிற்குக் கொண்டுவருக.