பாகங்கள் வழங்குமிடத்தில் வரிசை

இயந்திரங்களைப் பொருத்தி முடிக்கும் தொழிற்சாலைகளில், பொருத்துநர்கள் பண்டகசாலைச் சாளரத்தின் முன் பாகங்களுக்காகக் காத்து நிற்பது வழக்கமான காட்சி. மேற்பார்வையாளர்கள் இதனைச் சோம்பலெனக் கருதுவதுண்டு. கணக்கிட்டுப் பார்க்கின், பழி பெரும்பாலும் வேறிடத்தைச் சேரும்.

வரிசைகளின் கணிதத்திற்கு வித்திட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் ஆவார். தொலைபேசி அழைப்புகளைப் பற்றிய அவரது கட்டுரை 1909-இல் வெளிவந்தது. போயிங் விமானத் தொழிற்சாலையில் கருவிகளை வழங்குவதற்கு எத்தனை எழுத்தர்கள் தேவை என்பதை இம்முறையில் ஆராய்ந்து, பிரிகாம் என்பவர் 1955-இல் எழுதினார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவருக்குப் பாகம் எடுத்துக் கொடுக்க எழுத்தருக்குச் சராசரி 2 நிமிடம் ஆகிறது. ஆகவே மணிக்கு 30 பேரை அவர் கவனிக்கலாம். வருவோரோ மணிக்கு 24 பேரே. எழுத்தருக்கு ஐந்தில் ஒரு பங்கு ஓய்விருக்க, வரிசைக்கு இடமேது என்று தோன்றும். ஆயினும் வருகையும் வழங்கும் நேரமும் தற்செயலாக ஏறியிறங்குமாயின், 30-இலிருந்து 24-ஐக் கழித்து, மீதி 6-ஆல் 60 நிமிடத்தை வகுத்திடல் வேண்டும். ஒருவர் அங்குச் செலவிடும் சராசரி நேரம் 10 நிமிடம். அதில் 8 நிமிடம் வெறுங்காத்திருப்பு. 24 பேர் பத்துப் பத்து நிமிடம் செலவிடின், எந்நேரமும் சராசரியாக 4 பொருத்துநர்கள் தம் வேலையிடத்தில் இல்லை என்பது பொருள். வருவோர் 27 ஆகிவிட்டாலோ, நேரம் 20 நிமிடமாகவும் நிற்போர் 9 பேராகவும் பெருகிவிடும். தேவை எட்டில் ஒரு பங்கு உயர, தாமதம் இரு மடங்காகிறது!

முதற்கூறிய 24 பேருக்கே இரண்டாவது எழுத்தரையும் அமர்த்தினால், காத்திருப்பு அரை நிமிடத்திற்கும் குறையும்; நிற்போர் சராசரி ஒருவருக்கும் குறைவு. ஓர் எழுத்தரின் ஊதியத்தில் மூன்று பொருத்துநர்களின் உழைப்பு மீள்கிறது.

மற்றொரு வழி அதிகம் கவனிக்கப்படுவதில்லை. பாகங்களை முன்கூட்டியே தொகுதிகளாகக் கட்டிவைத்து, ஒவ்வொருவருக்கும் சரியாக 2 நிமிடமே ஆகுமாறு செய்தால், ஒரே எழுத்தரைக் கொண்டே காத்திருப்பு 8 நிமிடத்திலிருந்து 4 நிமிடமாகிறது. சராசரி வேகம் சிறிதும் கூடவில்லை என்பது நோக்கத்தக்கது.

வேலைமுறை தொடங்கும் வேளைக்கு இக்கணக்கு பொருந்தாது. சங்கு ஒலித்ததும் அனைவரும் ஒருங்கே வந்துவிடுவர். ஆகவே கள அலுவலர்கள் சூத்திரத்தை நாடுமுன், ஒவ்வொருவரும் வந்த நேரத்தையும் பாகம் பெற்ற நேரத்தையும் சில நாட்களேனும் குறித்துக்கொள்ளல் வேண்டும். வகுப்பில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஓர் அஞ்சலகச் சாளரமும் ஒரு கடிகாரமுமே போதும்.