கிழமையில் ஒரு நாள் வரும் ஆசிரியர்

கேள்வி: நான் நிலாவெளியில் வசிக்கிறேன். திருகோணமலை நகரில் ஒரு வங்கியில் வேலை. சனிக்கிழமைகளில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் வருகை விரிவுரையாளராகக் கணக்கீடு படிப்பிக்கிறேன். நியமனக் கடிதத்தோடு பாடத்திட்டமும் நேரசூசியும் தந்தார்கள். எப்படிப் படிப்பிப்பது, எப்படிப் புள்ளியிடுவது என்று கேட்க அங்கே ஆளில்லை. நிரந்தர விரிவுரையாளர்கள் சனிக்கிழமை வருவதில்லை. வகுப்பில் "விளங்குதா?" என்று கேட்டால் "ஓம் மிஸ்" என்கிறார்கள். விடைத்தாளைத் திருத்தும்போது பாதிப் பேருக்கு அடிப்படையே விளங்கவில்லை என்று தெரிகிறது. மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள். உயர்தரம் வரை தமிழில் படித்தவர்களுக்கு இங்கே எல்லாம் ஆங்கிலம். அவர்கள் சித்தியடையாமல் போவதற்கு நான்தான் காரணமோ என்று நினைத்தால் நித்திரை வருவதில்லை. ஆசிரியராக என்னை வளர்த்துக்கொள்ள என்ன வழி?
– வருகை விரிவுரையாளர், நிலாவெளி

பதில்: உங்கள் கவலையில் ஒரு பாதி உங்களுடையது, மறுபாதி உங்கள் மேல் இறக்கிவைக்கப்பட்டது. அந்த மறுபாதியை முதலில் இறக்கிவிடுவோம்.

பகுதிநேர ஆசிரியர்களிடம் படிக்கும் பிள்ளைகள் பின்தங்குகிறார்களா என்ற கேள்வியை அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் சமூகக் கல்லூரிகளைப் பற்றி யேகரும் ஈகனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பகுதிநேர ஆசிரியர்களிடம் கூடுதலாகப் படித்த மாணவர்கள் படிப்பை முடிக்கும் வாய்ப்புச் சற்றுக் குறைந்திருந்தது. ஆனால் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2001 முதல் 2008 வரை சேர்ந்த முதலாம் வருட மாணவர்களை ஆராய்ந்தபோது படம் தலைகீழாக மாறியது. நிரந்தரப் பதவி வரிசையில் இல்லாத ஆசிரியரிடம் அறிமுகப் பாடத்தைப் படித்தவர்கள் அதே துறையின் அடுத்த பாடத்தில் நன்றாகச் செய்தார்கள். கூடுதலாகப் பயன்பெற்றவர்கள் பலவீனமான மாணவர்கள். அந்த ஆசிரியர்களிற் பலர் நீண்டகால ஒப்பந்தத்தில் முழுநேரமாக அங்கேயே இருந்தவர்கள். பதவியின் பெயரைவிட, மாணவரும் சக ஆசிரியரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்களா என்பதே முக்கியம் என்று நான் இதை வாசிக்கிறேன். உங்களுக்கு வகுப்பைத் தந்தவர்கள் அந்த ஆட்களைத் தரவில்லை. ஆகவே அந்த ஆட்களைத் தேடுவதுதான் உங்கள் வளர்ச்சியின் பெரும்பகுதி. அதற்கு முன், வரும் சனிக்கிழமையே செய்யக்கூடியவை சில.

"விளங்குதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் ஆசிரியரின் முகத்துக்கு நேரே "விளங்கவில்லை" என்று சொல்லமாட்டார்கள். மரியாதைக்காகவும் வெட்கத்தாலும் "ஓம்" வரும். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் ஆளுக்கு அரைத்தாள் கொடுங்கள். இன்று படித்ததில் முக்கியமானது எது, எது இன்னும் குழப்பமாக இருக்கிறது என்று இரண்டே கேள்வி. பெயர் வேண்டாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ, எதில் வருகிறதோ அதில் எழுதட்டும். அஞ்சலோவும் குரொஸும் 1993இல் வெளியிட்ட வகுப்பறை மதிப்பீட்டு நூலில் "ஒரு நிமிடத் தாள்" என்று வரும் முறை இதுதான். அன்று மாலையே தாள்களை வாசித்துவிடுங்கள். எதை நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போனீர்களோ அதுவே அரைவாசித் தாள்களில் நிற்கும். அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்கினால், தாங்கள் எழுதியதை மிஸ் வாசிக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியவரும். பிறகு வாயாலும் கேட்கத் தொடங்குவார்கள்.

கிழமைக்கு ஒருநாள் வகுப்பு என்றால் இடையில் ஏழு நாள் மறதி. ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில் ஒரு குழு ஒரு பகுதியைத் திரும்பவும் வாசித்தது; மற்றக் குழு அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஒரு கிழமை கழித்து முதற்குழு 42 சதவீதத்தையும் மற்றக் குழு 56 சதவீதத்தையும் நினைவில் வைத்திருந்தது. எனவே வகுப்பின் முதற் பத்து நிமிடம் கொப்பியை மூடிவைத்துப் போன கிழமைப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி. புள்ளி வேண்டாம், புள்ளி வந்தால் பயம் வரும், பயம் வந்தால் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள்.

மொழிப் பிரச்சினைக்கு வருகிறேன். உயர்தரத்தில் "பெறுமானத் தேய்வு" என்று படித்து நல்ல சித்தி எடுத்த பிள்ளை, "டிப்ரிசியேஷன்" என்று கேட்டதும் புதுப்பாடம் என்று நினைத்துத் திகைக்கிறது. இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஊரிலிருந்தே ஒரு கணக்கு: 6 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய படகு எஞ்சின், 5 வருடப் பாவனை, எச்சப் பெறுமதி 1 இலட்சம். நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு 1 இலட்சம் என்று எல்லாரும் போட்டுவிடுவார்கள். இப்போது கேளுங்கள்: வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு கரையில் கிடக்கிறதே, அந்த மாதங்களுக்கும் தேய்வு கழிக்க வேண்டுமா? முதலில் ஒவ்வொருவரும் தனியே கை உயர்த்தி முடிவு சொல்லட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு தமிழில் வாதாடட்டும். மறுபடி கை உயர்த்தட்டும். கடைசியாக, முடிவையும் காரணத்தையும் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதட்டும். சொத்து சும்மா கிடந்தாலும் நேர்கோட்டு முறையில் தேய்வு நிற்காது என்பது இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16இன் விதி. பாவனை அளவை வைத்துக் கணிக்கும் முறையில்தான் அது பூச்சியமாகலாம். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை இந்த வாதத்தில் வாய் திறக்காமல் இருக்காது. வகுப்பில் சிங்களப் பிள்ளைகளும் இருந்தால் சோடிகளைக் கலந்து அமர்த்துங்கள். அவர்களைத் தனியே விட்டுவிட்டுத் தமிழில் வகுப்பை ஓட்டுவது நியாயமில்லை.

தனியே முடிவு சொல்லி, சோடியாக வாதாடி, மறுபடி முடிவு சொல்லும் இந்த முறையை ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1991இல் பௌதிகவியல் வகுப்பில் தொடங்கினார். பின்னர் ஃபிரீமன் குழுவினர் 2014இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சித்தியடையாதோர் 33.8 சதவீதம், மாணவர்கள் தாங்களே ஈடுபட்ட வகுப்புகளில் 21.8 சதவீதம்.

இனி ஆட்கள். உங்களைப் போலச் சனிக்கிழமை வரும் ஒருவரையாவது பிடியுங்கள்; பாடம் வேறானாலும் பரவாயில்லை. அவர் வகுப்பில் நீங்கள் இருபது நிமிடம், உங்கள் வகுப்பில் அவர் இருபது நிமிடம். பின்வரிசையில் இருந்து பிள்ளைகளின் முகத்தையும் கொப்பியையும் பார்ப்பது அவர் வேலை. விடைத்தாள் கட்டைப் பிரித்ததும் ஐந்து தாள்களை இருவரும் தனித்தனியே புள்ளித்திட்டத்தோடு திருத்தி ஒப்பிடுங்கள். புள்ளிகள் எங்கே விலகுகின்றன என்று பேசும் அந்த அரை மணித்தியாலத்தில் பல கருத்தரங்குகளில் கிடைக்காதது கிடைக்கும்.

இணைப்பாளருக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள்: கடந்த வினாத்தாள்கள், புள்ளித்திட்டம், வகுப்பு முடிந்தபின் பிள்ளைகளைச் சந்திக்க ஓர் அறை. பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் காலத்து விரிவுரையாளர் நிரந்தரமாவதற்குக் கற்பித்தல் பயிற்சி கட்டாயம். அதற்கு ஆளணி அபிவிருத்தி நிலையங்கள் இருக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உங்கள் ஊர்க் கோணேசபுரியில்தான் இருக்கிறது. அங்கே பட்டறை நடக்கும்போது வெளியார் அமர இடமுண்டா என்று கேளுங்கள். பிரதான வளாகம் இருக்கும் வந்தாறுமூலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்வதைவிட அது எளிது.

நிறுவனத் தலைவர்களும் இந்தப் பக்கத்தை வாசிப்பதால் அவர்களுக்கும் ஒன்று. மணித்தியாலக் கொடுப்பனவு வகுப்பில் நிற்கும் நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. இந்தியாவிலும் அப்படித்தான்: பல்கலைக்கழக மானியக்குழு 2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபா என்று தொகையை உயர்த்தியபோதும் அலகு விரிவுரையாகவே இருந்தது. வருகை விரிவுரையாளர் பயிற்சிக்கு வரும் நேரத்துக்கும் பிள்ளைகளைச் சந்திக்கும் நேரத்துக்கும் காசு கொடுங்கள். சம்பளமில்லாத நேரத்தில் ஒருவர் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அதன் விலையைக் கொடுப்பது பிள்ளைகள்.

கேள்வி: பகுதிநேரப் போதனாசிரியராக மின்னிணைப்பு படிப்பிக்கிறேன். மே மாதம் தொடங்கினால் பெடியள் விடுதிகளுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். செப்டெம்பரில் திரும்பி வரும்போது வரவும் போதாது, பாடமும் விளங்காது. என்ன செய்யலாம்?
– உப்புவெளி

பதில்: அந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, ஆகவே திட்டிப் பயனில்லை. பாடத்தை ஒரு நாளில் தொடங்கி அன்றே முடியும் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒரு நாள் விட்டவன் மற்ற எல்லாவற்றையும் இழக்கக் கூடாது. வேலைக்குப் போகுமுன் ஒவ்வொருவரிடமும் விடுமுறை நாள் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செய்முறைக்கு அந்த நாளில் வரச்சொல்லலாம். பாடத்தை வட்ஸ்அப்பில் மூன்று நிமிடக் குரற்பதிவாக அனுப்புங்கள். காணொளிக்கு டேட்டா செலவாகும். வரவு விதியை முதல் வகுப்பிலேயே எண்ணிக்கையோடு சொல்லிவிடுங்கள். எவனாவது இரண்டாம் முறை வராவிட்டால் அன்று மாலையே அழைப்பு எடுங்கள். நாலாம் முறைக்குப் பிறகு எடுத்தால் பெரும்பாலும் அவன் படிப்பை விட்டிருப்பான்.