உட்கார வைத்தால் விழ மாட்டாரா?

"நீங்க எந்திரிக்காதீங்கப்பா, தண்ணி நான் கொண்டு வர்றேன்." அப்பா ஒருமுறை குளியலறையில் தடுமாறிவிட்டால், அதற்குப் பிறகு வீட்டில் அடிக்கடி கேட்பது இதுதான். பாசம்தான். ஆனால் அடுத்த முறை விழுவதற்கு வழி செய்வதும் அந்தப் பாசமே. நாற்காலியை விட்டு அசையாதவரின் தொடைத் தசை மெலிகிறது. கால் தடுக்கினால் சட்டென்று அடுத்த அடி வைத்துச் சுதாரிக்கும் வேகமும் குறைகிறது. அப்புறம் ராத்திரியில் ஒன்றுக்குப் போக எழுந்தாலே ஆபத்து.

"இந்த வயசுக்கு மேல உடம்புல என்ன வலு ஏறும்?" ஏறும். பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள 10 பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1990-இல் வெளியானது: பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது.

"நான்தான் தினமும் வாக்கிங் போறேனே!" படித்தவர்களும் நம்புவது இது. வாக்கிங் இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கும் நல்லது. விழாமல் இருக்க அது மட்டும் போதாது. கை எலும்பு முறிந்து தேறிய பெண்களை வேகமாக நடக்கச் சொன்ன பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் (1997), நடந்தவர்களே அதிகம் விழுந்தார்கள். சமதரையில் நடப்பது உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை. கொஞ்சம் தள்ளாட வைத்தால்தான் சமநிலை வளரும்.

நியூசிலாந்தின் ஒடாகோ பயிற்சி அப்படித்தான் அமைந்தது. 80 வயது தாண்டிய 233 பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டுக்கே போய்க் கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். ஓராண்டில் பயிற்சி பெற்றவர்கள் விழுந்தது 88 தடவை, மற்றவர்கள் 152 தடவை. 2019-இல் 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது ஏறத்தாழ கால்வாசி குறைந்திருந்தது.

இதற்கு ஜிம் வேண்டாம், சமையல் மேடை போதும். அதைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்கி நிற்கலாம். ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நிற்கலாம். பழகப் பழக இரண்டு கைக்குப் பதில் ஒரு கை, பிறகு ஒரு விரல். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதும் நல்ல பயிற்சிதான். தொடக்கத்தில் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இரண்டு மாதம் செய்துவிட்டு விட்டால் வந்த பலனும் போய்விடும்.

எழும்போது தலை சுற்றுகிறவர்களும், கடந்த ஓராண்டில் இரண்டு முறை விழுந்தவர்களும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்; தூக்க மாத்திரையும் ஆளைத் தள்ளிவிடும்.