உப்புக் காற்றில் சொகுசு வண்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி திரும்பத் திறந்தது. ஐந்து வருடமாக அடக்கி வைத்திருந்த ஆசை ஒரேயடியாக வெளியே வந்தது. வென்னப்புவ, மாரவில பக்கம் இத்தாலியில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணம், கற்பிட்டியில் சுற்றுலாவை நம்பி ஹோட்டல் கட்டியவர்கள் சேர்த்த பணம், இறாலிலும் உப்பிலும் மீனிலும் மிச்சம் பிடித்த பணம் எல்லாம் இப்போது பிராடோ, ஹரியர், மொன்டெரோ என்று கார் சேல்களைச் சுற்றி வருகின்றன. வீட்டுக்கு அடுத்தபடி ஒரு குடும்பம் ஒரே கையெழுத்தில் போடும் பெரிய தொகை இதுதான். அந்தத் தொகையை வாய்வழிப் பேச்சை நம்பிப் போடுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகளை இங்கே எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: புத்தம்புது வண்டிக்குத் துரு வராது. கராஜுக்குள் நிறுத்தினால் போதும்.

துரு வண்டியின் வயதைப் பார்த்து வருவதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் காற்று இடைவிடாமல் வீசுகிறது. பட்டம் கட்டி அலைச்சறுக்க கண்டக்குழிக்கும் ஆலங்குடாவுக்கும் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிவரும் அதே காற்றுத்தான் உப்பையும் கொண்டுவந்து வண்டியின் அடியில் பூசுகிறது. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். கடல் உப்பிலோ மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 33 வீத ஈரப்பதனே போதும். ஆகவே நல்ல வெயில் நாளிலும் சேஸியில் படிந்த உப்பு ஈரமாகவே இருந்து இரும்பைத் தின்கிறது.

கூரை வெயிலைத் தடுக்கும், உப்புக் காற்றைத் தடுக்காது. வெளியே நிற்கும் வண்டியின் மேற்பகுதியை மழையாவது கழுவிவிடும். கூரைக்குக் கீழ் நிற்கும் வண்டிக்கு அதுவும் இல்லை. வண்டியின் அடிப்பகுதியோ எங்கே நிறுத்தினாலும் மழையைக் காண்பதில்லை. அதைக் கழுவுவது நம் வேலை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. குடாநாட்டின் மணலுக்கு அடியில் நன்னீர் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. கரையோரக் கிணறுகள் பல உவர்த்துப் போயிருக்கின்றன. அந்தத் தண்ணீரால் வாரம் தவறாமல் அடியைக் கழுவுகிறவர் வாரம் தவறாமல் உப்புப் பூசுகிறார். நாக்கில் வைத்தால் கரிக்கும் தண்ணீரை வண்டிக்கு அடிக்காதீர்கள். குழாய்த் தண்ணீரோ மழைநீர்த் தாங்கியோ இருந்தால் அதைப் பாவியுங்கள்.

புது வண்டிக்கு இந்தக் கரையில் உண்மையான அனுகூலம் ஒன்று இருக்கிறது. துரு தொடங்குமுன் அடிப்பூச்சு அடித்து, முதல் நாளிலிருந்தே பராமரிக்கலாம். அதைச் செய்யாதவர் மூன்று வருடத்தில் அந்த அனுகூலத்தை இழந்துவிடுகிறார். கம்பனி உத்தரவாதம் இருக்கிறதே என்பார்கள். துருவுக்கான உத்தரவாதம் பெரும்பாலும் தகடு உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுந்தால்தான் செல்லும். மேலே படரும் துருவையும் சுற்றாடலால் வரும் சேதத்தையும் அந்தக் கடதாசியே விலக்கி வைத்திருக்கும். வாங்குமுன் அந்தப் பக்கத்தை வாசியுங்கள்.

நம்பிக்கை: மேல் மாகாண WP இலக்கத் தகடு என்றால் கடற்கரை காணாத வண்டி.

கொழும்பும் கடற்கரைதான். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அருகே பத்து வருடம் நின்ற வண்டியும், நீர்கொழும்பில் கடலைப் பார்த்தபடி நின்ற வண்டியும் WP தகட்டோடுதான் வரும். தகட்டை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள்.

நம்பிக்கை: ஜப்பானில் ஓடியது, ஒக்ஷன் ஷீட் இருக்கிறது, பயமில்லை.

ஜப்பானிய ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறிக்கும் ஒக்ஷன் ஷீட் நல்ல சாட்சிதான், வாசிக்கத் தெரிந்தால். 4, 4.5, 5 என்ற மதிப்பெண்ணோடு நம்மவர்கள் நின்றுவிடுகிறார்கள். R அல்லது RA என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டது என்று பொருள். அதே தாளில் வண்டியின் வரைபடம் ஒன்று இருக்கும். அதில் A கீறல், U நெளிவு, W திருத்திய அடையாளம், XX மாற்றிய பாகம். நமக்கு மிக வேண்டியவை S என்ற துருவும் C என்ற அரிப்பும்தான். வட ஜப்பானில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். ஹொக்கைடோவில் சில பனிக்காலம் கண்ட வண்டி நம் கரைக்கு வருமுன்பே உப்புத் தின்றுவிட்டது.

ஷீட்டையே போலியாகத் தயாரிப்பவர்களும் உண்டு. விற்பவர் காட்டும் பிரதியோடு திருப்திப்படாமல், சேஸி இலக்கத்தைக் கொடுத்து ஏல நிறுவனத்தின் பதிவிலிருந்து நீங்களே தனியாக எடுப்பியுங்கள். அதற்குச் செலவாவது சில ஆயிரம் ரூபாய்தான். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழிலும் ஓடிய தூரம் பதிவாகியிருக்கும். இரண்டையும் மீற்றரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மீற்றரைக் குறைத்திருக்கிறார்களா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

குறைந்த கிலோமீற்றர் என்பதே ஒரு மயக்கம். 2022இல் எரிபொருள் இல்லாமல் கியூ.ஆர். கோட்டாவில் நாடு ஓடியபோது எத்தனையோ பெரிய வண்டிகள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றன. கடற்கரையில் அசையாமல் நின்ற வண்டியில் பிரேக் டிஸ்க் துருவேறும், ரயர் ஓரிடத்தில் அமுங்கும், ஹைபிரிட் பற்றரி தளரும். ஒழுங்காக சேர்விஸ் செய்து 80,000 கிலோமீற்றர் ஓடிய வண்டியை, 30,000 ஓடிவிட்டு நின்றே கிடந்த வண்டிக்கு மேலாகவே நான் மதிப்பேன்.

நம்பிக்கை: கம்பனி சான்றிதழ் கொடுத்த பாவித்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இது பாதி உண்மை. ஏஜென்ட் கம்பனி இறக்கி, விற்று, தன் பட்டறையிலேயே சேர்விஸ் செய்து, திரும்பவும் தானே பரிசோதித்து விற்கும் வண்டிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எந்த மாதம் என்ன மாற்றினார்கள் என்பதைச் சேஸி இலக்கத்தை வைத்தே எடுக்கலாம். அந்த வரலாற்றுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். ஆனால் யார் வேண்டுமானாலும் ‘சேர்டிஃபைட்’ என்று பலகை எழுதித் தொங்கவிடலாம். சான்றிதழ் கொடுத்தது யார், எத்தனை மாதம் பொறுப்பேற்கிறார், என்ஜின், கியர்பெட்டி, ஹைபிரிட் பற்றரி மூன்றும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பிறகு வண்டியை றாம்பில் ஏற்றச் சொல்லுங்கள். கறுப்புப் பூச்சு புதிதாகப் பளபளத்தால் அங்கேதான் நிதானிக்க வேண்டும். துருவின் மேல் அடித்த பூச்சு வெளியே அழகாகத்தான் இருக்கும், உள்ளே அரிப்பு நடந்துகொண்டிருக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸி விளிம்பைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். பிரேக் எண்ணெய்க் குழாய், பின்பக்க சஸ்பென்ஷன் கை, ஸ்பெயார் சில்லு இருக்கும் குழி, பின் பம்பரைத் தாங்கும் இரும்பு ஆகிய நான்கையும் பார்க்காமல் றாம்பிலிருந்து இறக்க விடாதீர்கள். றாம்பில் ஏற்ற மறுக்கும் விற்பனையாளர் ஏன் மறுக்கிறார் என்று நான் விளக்கத் தேவையில்லை.

நம்பிக்கை: வெள்ளத்தில் நனைந்தாலும் கழுவிக் காயவைத்தால் சரியாகிவிடும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் புத்தளம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புத்தளம் - அநுராதபுரம் வீதியில், கலா ஓயாவின் வெள்ளத்தில் பேருந்து ஒன்று அகப்பட்டு, சுமார் 70 பேர் மணிக்கணக்காகத் தவித்து மீட்கப்பட்டார்கள். இப்படியொரு வெள்ளம் எங்கே வந்தாலும் அடுத்த ஓரிரு வருடம் நனைந்த வண்டிகள் துடைத்து மெருகேற்றிச் சந்தைக்கு வரும்.

இன்றைய சொகுசு எஸ்.யு.வி.யில் ஆசனத்துக்கு அடியிலும் கம்பளத்துக்கு அடியிலும் மின்னணுப் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் நிறைந்திருக்கின்றன. பல ஹைபிரிட்களில் பெரிய பற்றரியே பின் ஆசனத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் புகுந்த இணைப்பு உடனே கெடாது, பச்சை பூத்து ஆறாம் மாதமோ பன்னிரண்டாம் மாதமோ காட்டும். சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியைக் கழுவுபவர்கள் குறைவு, சேற்றுக் கோடு அங்கே தெரியும். ஆசனத் தண்டவாளத் துரு, விளக்குக்குள் ஈரம், அளவுக்கு மீறிய வாசனைத் திரவியம் எல்லாம் சேர்ந்து ஒரே கதையைச் சொல்லும்.

நம்பிக்கை: லீசிங் என்றால் வாடகை மாதிரி. முடியாவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்த நம்பிக்கையால் அழிந்த குடும்பங்கள் பல. அமெரிக்காவில் மூன்று வருடம் ஓட்டிவிட்டுச் சாவியை ஒப்படைக்கும் லீஸ் முறை உண்டு. இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணுகிறார்கள். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் இங்கே நடப்பது வேறு. வண்டியின் பெறுமதி முழுவதையும் வட்டியோடு நீங்கள் கட்டி முடிக்க வேண்டும். அதுவரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும். தவணை தவறினால் வண்டியைத் தூக்குவார்கள், ஏலத்தில் விற்பார்கள். விற்ற பணம் பாக்கிக்குப் போதாவிட்டால் மிச்சத்தை உங்களிடமும் பிணைகாரரிடமும் கேட்பார்கள். வண்டியும் போய், கடனும் நிற்கும்.

கார், எஸ்.யு.வி., வான்களுக்கு வண்டிப் பெறுமதியில் எத்தனை வீதம் கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி வரம்பு போட்டிருக்கிறது. 2025 ஜூலையில் 60 வீதம், அதே வருடம் நவம்பரில் 50 வீதம். அந்த 50 வீத வரம்பில் இரண்டு கோடி ரூபாய் வண்டிக்கு ஒரு கோடியை உங்கள் கையிலிருந்து வைக்க வேண்டும். மற்ற ஒரு கோடியை 12 வீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்ததாக ஒரு கணக்குப் போடுவோம். குறைந்துவரும் மீதிக்கு வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 2,22,500 ரூபாய், மொத்த வட்டி முப்பத்து மூன்றரை இலட்சத்துக்குக் கிட்ட. அதே 12 வீதத்தை, தொடக்கக் கடன் முழுவதற்கும் கடைசி வரை வட்டி போடும் ‘ஃபிளற் ரேற்’ என்று போட்டால் தவணை 2,66,667 ரூபாய், மொத்த வட்டி 60 இலட்சம். சொன்னது ஒரே 12 வீதம், வித்தியாசம் 26 இலட்சத்துக்கு மேல். தவணைத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ‘அறுபது மாதத்தில் மொத்தம் எவ்வளவு கட்டுவேன், இடையில் முடித்தால் எவ்வளவு’ என்ற இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஹோட்டல் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று யோசிக்க வேண்டும். கற்பிட்டியில் வருமானம் காற்றோடு வருகிறது, காற்றோடு போகிறது. தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும்.

நம்பிக்கை: இலங்கையில் வாகனம் வாங்கினால் விலை ஏறும், அது ஒரு முதலீடு.

2020க்கும் 2025க்கும் இடையில் அது நடந்தது. இறக்குமதி நின்றிருந்தது, ரூபாய் சரிந்தது, ஓடிய வண்டி வாங்கிய விலைக்கு மேல் போனது. அந்த விதிவிலக்கான காலத்தை இயல்பு என்று எண்ணிக்கொண்டு இன்று கடன் வாங்கக் கூடாது.

இங்கே வண்டி விலையில் பெரும்பங்கு வரி. பெற்றோல் வண்டிக்கு உற்பத்தி வரி என்ஜின் கொள்ளளவைப் பார்த்து ஏறும். அதற்கு மேல் சொகுசு வரி, அதற்கும் மேல் 18 வீத வற். 2025இல் திறந்தபோது சொகுசு வரியின் விலக்கெல்லை பெற்றோல் வண்டிக்கு 50 இலட்சம், ஹைபிரிட்டுக்கு 55 இலட்சம், மின்வண்டிக்கு 60 இலட்சம். துறைமுகத்தில் 80 இலட்சம் பெறுமதியான பெற்றோல் எஸ்.யு.வி. என்றால், மேலதிகமான 30 இலட்சத்துக்கு 100 வீதம், அதாவது இன்னொரு 30 இலட்சம், சொகுசு வரியாக மட்டும். இத்தனை வரியையும் முதலில் வாங்குபவர் கட்டுகிறார். அரசாங்கம் ஒரு வர்த்தமானியில் வரியைக் குறைத்தால், அன்றிரவே அவருடைய வண்டி விலை இறங்குகிறது. சில வருடம் ஓடிய வண்டியை வாங்குபவருக்கு அந்த அடி சிறிதாகவே விழும்.

நம்பிக்கை: எஸ்.யு.வி. என்றால் எந்த மணலிலும் போகும்.

உயரம் வேறு, நாற்சில்லு இழுவை வேறு. வெசல், ரைஸ் போன்றவற்றில் இங்கே ஓடுபவை பெரும்பாலும் முன் சில்லு மட்டும் இழுப்பவை. கடற்கரை மணலில் அவை புதையும். மணலில் உங்களுக்கு உண்மையில் வேலை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாலாவி - கற்பிட்டி தார் வீதிக்கு இரண்டு கோடி ரூபாய் நாற்சில்லு வண்டி தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு புதிதா, பாவித்ததா என்று கேட்டால் என் தீர்ப்பு இது. கையிருப்பிலிருந்து வாங்கி, முதல் நாளே அடிப்பூச்சு அடித்து, பத்து வருடம் வைத்திருக்க முடிந்தவருக்குப் புது வண்டி. மற்ற எல்லோருக்கும் ஏஜென்ட் பட்டறை வரலாறு உள்ள, சில வருடம் ஓடிய வண்டி.

எதை வாங்கினாலும் ஓபன் பேப்பரில் வாங்காதீர்கள். முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்ட படிவத்தை இலாச்சியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டும் பழக்கம் இந்தக் கரையில் பரவலாக இருக்கிறது. அந்த வண்டி சட்டப்படி இன்னும் வேறொருவருடையது. சட்டவிரோதமாகப் பொருத்திச் சேர்த்த சொகுசு வண்டிகளைப் பொலிஸார் கைப்பற்றும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அப்படிப் பிடிபடும்போது கையில் வைத்திருப்பவர்தான் நீதிமன்றப் படி ஏறுகிறார். சேஸியிலும் என்ஜினிலும் பொறித்த இலக்கங்களை உங்கள் கண்ணால் பார்த்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த வண்டியின் பதிவு விவரத்தைக் கேட்டுப் பெறுங்கள். இந்த இரண்டும் முடியும்வரை, விற்பவர் உறவினராகவே இருந்தாலும், ஒரு ரூபாய்கூட முற்பணம் கொடுக்காதீர்கள்.