மூடும் மேற்கோளுக்கு முன் சாய்கோடு வேண்டாம்

விண்டோஸ் கட்டளை வரியில், இடைவெளி உள்ள கோப்புறைப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அது மட்டும் போதாது. மூடும் மேற்கோளுக்குச் சற்று முன்னால் பின்சாய்கோடு நிற்கக் கூடாது. லினக்ஸில் ஷெல்லே வரியைச் சொற்களாகப் பிரித்து நிரலிடம் ஒப்படைக்கிறது. விண்டோஸிலோ முழு வரியும் ஒரே சரமாகப் போகிறது. பிரிப்பது அந்தந்த நிரலின் பாடு. பெரும்பாலான நிரல்கள் பின்பற்றும் மைக்ரோசாஃப்டின் சி நூலக விதிப்படி, ஒற்றைப் பின்சாய்கோட்டை ஒட்டி வரும் மேற்கோள் மூடுகுறி ஆகாது, வெறும் எழுத்துதான். ஆகவே ரோபோகாப்பி என்னும் நகலெடுப்பு நிரலிடம் "டி:\என் படங்கள்\" என்று கொடுத்தால் மேற்கோள் மூடப்படாமல், அடுத்துள்ள இலக்குக் கோப்புறையும் அதே பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பிழைச்செய்தியும் காரணத்தைத் தெளிவாகச் சொல்லாது.

‘கோப்புறையின் உள்ளடக்கத்தைப் பட்டியலிடும் டிர் கட்டளையில் இப்படித் தட்டினால் ஒன்றும் ஆவதில்லையே’ எனலாம். உண்மைதான். டிர் கட்டளை வரி நிரலான சிஎம்டிக்குள்ளேயே இருப்பது, அதன் பிரிப்பு விதி வேறு. அங்கே ஓடியது மற்ற நிரல்களுக்குச் சான்றாகாது. கோப்புறைப் பெயரின் கடைசிச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள், பெரும்பாலும் பொருள் மாறாது. இயக்ககத்தின் வேர் மட்டும் விதிவிலக்கு: டி:\ என்பதில் சாய்கோடு தேவை. அதில் இடைவெளி இல்லாததால் மேற்கோளே வேண்டாம்.